பதிலை முதலில் எடுத்தார்கள்

அந்த ஆண்டு பிரசார ரயில் விஸ்கான்சினில் இருக்கும் எங்கள் ஊரில் நிற்கவில்லை.

அதற்கு முன்பெல்லாம் நிற்கும். ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிடுபவர் கடைசிப் பெட்டியின் மேடைக்கு வந்து, தொப்பியைக் கழற்றி ஆட்டிவிட்டு, பால் விலையைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார். கூட்டத்திலிருந்து யாராவது குறுக்கே ஏதாவது கேட்பார்கள். ஒருமுறை எமில் நெல்ஸ்டட், "ஐயா, நீங்க கடைசியா ஒரு மாட்டைக் கிட்டத்துல பாத்தது எப்போ?" என்று கத்தினார். வேட்பாளரின் காது சிவந்துபோனது. பிறகு சமாளித்துக்கொண்டு, "நேத்து ராத்திரிதான். தட்டுல இருந்துச்சு" என்றார். அந்தப் பதிலுக்காகவே ஊரில் பாதிப் பேர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். அதற்காகவே மீதிப் பேர் போடவில்லை.

1952 இலையுதிர் காலத்தில் ரயில் வேகத்தைக்கூடக் குறைக்காமல் போய்விட்டது. அந்த முறை ஜனாதிபதி பதவிக்கு நின்ற கவர்னர் டன்மோர் எங்களிடம் தொலைக்காட்சி வழியாக வந்தார். குத்துச்சண்டைக்கும் நகைச்சுவைத் தொடருக்கும் நடுவே, ஒரு நிமிடம்கூட ஓடாத துண்டுப் படங்களாக வந்தார். சாதாரண ஜனங்கள் கேள்வி கேட்பார்கள், கவர்னர் பதில் சொல்வார். அந்தத் துண்டுகளில் ஒன்றில் கேள்வி கேட்டவர் எமிலின் மனைவி ஆர்டிஸ்.

அது எப்படி எடுக்கப்பட்டது என்பதை ஆர்டிஸ் என் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து எனக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் சொன்னார்.

கோடையில் பால் கூட்டுறவு மாநாட்டுக்காக எமிலோடு நியூயார்க் போயிருந்தார். எமில் கூட்டத்தில் இருந்தபோது, ஆர்டிஸ் பெரிய இசை அரங்கின் வாசலில் டிக்கெட் வரிசையில் நின்றிருந்தார். கார்வர் என்றொரு ஆள், டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு, வரிசை நெடுக முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "சந்தையில மாடு பாக்கற மாதிரி. பல்லை மட்டும்தான் பிடிச்சுப் பாக்கலை" என்றார் ஆர்டிஸ்.

கார்வர் விளம்பர நிறுவனத்து ஆள். அதற்கு முன் சோப்புக்கும் பல்பொடிக்கும் படம் எடுத்தவர். ஆர்டிஸின் முன்னால் நின்று, "மேடம், உங்களுக்குப் பையன் இருக்கானா?" என்று கேட்டார்.

இருந்தான். வெண்டல். போன குளிர்காலத்தில் கொரியாவில் ஒரு மலைச்சரிவில் அவனுடைய படைப்பிரிவு சிதறிப்போனது. காணவில்லை என்று தந்தி வந்தது. அதன் பிறகு அரசாங்கத்திடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. கவர்னரிடம் கேள்வி கேட்க ஆள் வேண்டும் என்று கார்வர் சொன்னதும் ஆர்டிஸ் வேறு எதையும் யோசிக்கவில்லை. அடுத்த ஜனாதிபதியாக வரப்போகிறவரின் காதில் மகனின் பெயரைப் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. டிக்கெட் வரிசையை விட்டுவிட்டு கார்வருடன் போனார்.

ஸ்டூடியோவில் விளக்குகளின் சூடு தாங்கவில்லை. ஒரு அட்டையை நீட்டினார்கள். 'கவர்னர், என் மகன் கொரியாவில் இருக்கிறான். எப்போது வீடு திரும்புவான்?' என்று அதில் எழுதியிருந்தது.

"இருக்கான்னு நான் சொல்ல முடியாதுங்க. எங்க இருக்கான்னே தெரியலை. காணோம்னுதானே தந்தி வந்துச்சு" என்றார் ஆர்டிஸ்.

"காணோம்னா பதில் ஒட்டாது மேடம். பதில்ல 'வீடு திரும்புவான்'னு வருது."

"என்ன பதில்? கவர்னர் இன்னும் வரவே இல்லையே?"

"அவர் வரமாட்டார். போன வாரமே வந்து எல்லாப் பதிலையும் சொல்லி முடிச்சிட்டுப் போயிட்டார்."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே!"

"அதான் இப்ப கேக்கப் போறீங்களே" என்றார் கார்வர். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே பொறுமையாக விளக்கினார்.

கவர்னரைக் கொஞ்சம் கீழே, வலப்பக்கம் பார்க்கவைத்து எடுத்திருந்தார்கள். ஆகவே கேட்பவர்கள் கொஞ்சம் மேலே, இடப்பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் இரண்டையும் சேர்த்து ஒட்டும்போது கண்ணோடு கண் பார்த்துப் பேசுவதுபோல இருக்கும். பார்வை சரியான இடத்தில் விழுவதற்காக ஒரு துடைப்பக் கட்டையை நிமிர்த்தி வைத்து, அதன் நுனியில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். அதுதான் கவர்னர்.

ஆர்டிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. கார்வர் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். முதலில் உங்கள் இஷ்டப்படி கேளுங்கள், பெயர், படைப்பிரிவு எல்லாம் சொல்லி. அதை எடுத்து கவர்னருக்குத் தனியாகப் போட்டுக் காட்டுகிறேன். பிறகு அட்டையில் இருப்பதை ஒரு தடவை.

ஆர்டிஸ் அந்தக் கட்டையைப் பார்த்து, என் மகன் வெண்டல் நெல்ஸ்டட் எங்கே, அவனைத் தேடுகிறார்களா இல்லையா என்று கேட்டார். பிறகு அட்டையில் இருந்ததையும் கேட்டார். வெளியே அனுப்பும்போது கார்வர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப நல்ல முகம் உங்களுக்கு" என்றார்.

அன்று சாயங்காலம் ஹோட்டலில் எமிலிடம் எல்லாவற்றையும் சொன்னார். எமில் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "துடைப்பத்துக்கிட்டயா கேட்டே? சரி விடு, அரசியல்வாதியை விட அது ஒழுங்கா காது குடுத்துக் கேட்டிருக்கும்."

அக்டோபரில் படம் வந்தது. எங்கள் ஊரில் அப்போது வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தவர்கள் சிலர்தான். ஷேஃபரின் இரும்புக்கடையில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். வேலை முடிந்த ஜனங்கள் ஆணிப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து பார்ப்பார்கள். நானும் அன்று அங்கே இருந்தேன். ஆர்டிஸ் பெயிண்ட் டப்பாக்களின் பக்கம் நின்றிருந்தார்.

திரையில் ஆர்டிஸின் முகம் வந்தது. அட்டையில் இருந்த கேள்வியைக் கேட்டது. உடனே கவர்னர் டன்மோர், எப்போதும் போடும் கண்ணாடியைப் போடாமல், கொஞ்சம் குனிந்து பார்த்து, "அம்மா, உங்க பையனை வீடு கொண்டுவந்து சேர்க்கறதுதான் என் முதல் வேலை. இது உங்களுக்கு நான் தர்ற வாக்கு" என்றார். முடிந்தது. அடுத்து ஒரு காப்பித்தூள் விளம்பரம்.

ஷேஃபரின் மனைவி லோயிஸ், "அடிப் பாவி! நியூயார்க் போயி அவர்கிட்டயே பேசிட்டு வந்து, எங்ககிட்ட ஒரு வார்த்தை மூச்சு விடலையே நீ!" என்று ஆர்டிஸின் தோளில் அடித்தார்.

"நான் அவரைப் பாக்கவே இல்லை லோயிஸ். அங்க ஒரு துடைப்பம்தான் இருந்துச்சு."

"துடைப்பமாம்! அப்ப இந்தத் துடைப்பம் நல்லாவே வாயைத் திறந்து பேசுது."

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்டிஸும் சிரித்தார். ஆனால் கவர்னரின் கண் தன்மேல் விழுந்த அந்தக் கணத்தில் தன்னையறியாமல் சரி என்று தலையாட்டிவிட்டதாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார். பெயர் சொல்லிக் கேட்ட அந்த இன்னொரு படம் எங்கும் வரவில்லை.

படம் தினமும் ஓடியது. தேவாலயத்தில் வழிபாடு முடிந்து காப்பி ஊற்றும்போது முன்பின் பேசாதவர்கள்கூட ஆர்டிஸைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கவர்னர் நேரில் உயரமா, கை மென்மையா, அவர் மனைவி கூட இருந்தாளா என்றெல்லாம் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னால் அடக்கத்துக்காகச் சொல்வதாக நினைத்தார்கள். ஆர்டிஸ் என் அலுவலகத்துக்கு வந்தார்.

"லெஸ்டர், நீ இதைப் பத்திரிகைல போடு. அச்சுல வந்தா நம்புவாங்க."

போட்டேன். பதில் முன்னால் எடுக்கப்பட்டது, கேள்வி பின்னால் எடுக்கப்பட்டது, இருவரும் ஒரே அறையில் இருந்ததே இல்லை என்று ஆர்டிஸ் சொன்னபடியே முதல் பக்கத்தில் போட்டேன். முப்பது ஆண்டுகளாக இந்த ஊரில் யார் செத்தார்கள், யாருக்குக் குழந்தை பிறந்தது என்பதை என் பத்திரிகையைப் பார்த்துத்தான் நம்பிய ஜனங்கள் இதை நம்பவில்லை. தீவன ஆலை முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"லெஸ்டர், எதிர்க்கட்சிக்காரன் உனக்கு எவ்வளவு குடுத்தான்?"

"ஆர்டிஸே சொன்னதுப்பா."

"அந்தப் பொம்பளை பையனைத் தொலைச்ச துக்கத்துல எதையோ உளறுது. நீ அதை அச்சுல போடுவியா? நான் கண்ணால பாத்தேன்யா. நான் மட்டுமா, ஊரே பாத்துச்சு."

அவர் பார்த்தது உண்மைதான்.

எனக்குக் கவலை தந்தவர் அவரல்ல, எமில்தான். நவம்பர் முதல் வாரத்தில் முடிவெட்டும் கடையில் எமில், "என் வீட்டுக்காரி கவர்னரைச் சந்திச்சப்போ" என்று ஒரு கதையை ஆரம்பித்தார். நான் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. வீட்டில் ஆர்டிஸ் அவரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்.

"எமில், அன்னிக்கு ஹோட்டல்ல நான் சொல்லலை? நீ விழுந்து விழுந்து சிரிக்கலை?"

"நீ அன்னிக்கு ரொம்ப அசந்து போயிருந்தே ஆர்டிஸ். வெயில் வேற. எல்லாம் உனக்குச் சரியா நினைவிருக்கணும்னு இல்ல."

"உனக்கு நினைவிருக்கா?"

"எனக்கு அவர் உன்னைப் பாத்துச் சொன்னது நினைவிருக்கு" என்றார் எமில்.

டன்மோர் ஜெயித்தார். எங்கள் மாவட்டத்தில் அதற்கு முன் யாரும் வாங்காத அளவுக்கு ஓட்டு வாங்கினார்.

குளிர்காலத்தில் கார்கள் வர ஆரம்பித்தன. அயோவா, இல்லினாய், ஒருமுறை நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்துகூட. மகனைக் காணாத தாய்மார்கள். பனியில் வழி கேட்டுக்கொண்டு பண்ணை வீட்டுக்கு வந்து, போட்டோக்களை மேஜைமேல் வைத்து, "நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்பார்கள். ஆர்டிஸ் ஒவ்வொருவருக்கும் துடைப்பத்தைப் பற்றிச் சொன்னார். சிலர் அழுதார்கள். ஒரு பெண், "சொல்ல விருப்பமில்லைன்னா நேரா சொல்லிடுங்க" என்று போட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெர்னிஸ் காட்கே இரண்டு பண்ணை தள்ளி இருப்பவர். அவர் மகன் ரஸ்ஸல், வெண்டலோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவன். அதே மலைச்சரிவில் காணாமல்போனவன். மற்றவர்களைப்போல பெர்னிஸ் கெஞ்சவில்லை.

"உன் பையனுக்கு மட்டும் வாக்கு வாங்கிட்டு வந்துட்டே. 'ரஸ்ஸலும்'னு ஒரு வார்த்தை சேக்க உனக்கு நாக்கு வரலை, இல்ல?"

"பெர்னிஸ், நாம ஒண்ணாப் பள்ளிக்கூடம் போனவங்க. நான் உன்கிட்டப் பொய் சொல்வேனா?"

"அதைத்தான் நானும் யோசிச்சுப் பாத்தேன். நீ சொல்லமாட்டேன்னுதான் இவ்வளவு நாள் நினைச்சுட்டிருந்தேன்."

அடுத்த கோடையில் போர் நிறுத்தம் வந்தது. கைதிகள் திரும்பினார்கள். வானொலியில் பெயர்களை வாசித்தார்கள். வெண்டல் பெயரும் இல்லை, ரஸ்ஸல் பெயரும் இல்லை.

அக்டோபரில் ஜனாதிபதி எங்கள் பக்கத்து மாவட்டத்தில் ஒரு அணையைத் திறக்க வருவதாக அறிவிப்பு வந்தது. இரண்டு நாள் கழித்து கார்வர் வந்தார். இப்போது அவர் ஜனாதிபதியின் ஆள். ஆர்டிஸின் சமையலறையில் உட்கார்ந்து, மேடையில் அவருக்கு ஒரு இடம் போட்டிருப்பதாகச் சொன்னார்.

"என்ன கேக்கணும்னு அட்டை கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார் ஆர்டிஸ்.

"அட்டையெல்லாம் இல்லை மேடம். உங்களுக்கு என்ன தோணுதோ கேளுங்க. இந்தத் தடவை அவர் நிஜமாவே வர்றார்."

ஆர்டிஸ் ஒப்புக்கொண்டார். வாரம் முழுவதும், மாடு கறக்கும்போதும் துணி உலர்த்தும்போதும், வாக்கியத்தைச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தாராம். நாம் சந்தித்ததில்லை. வெண்டல் நெல்ஸ்டட். ரஸ்ஸல் காட்கே. அவர்கள் எங்கே?

நான் பத்திரிகைக்காரர்களுக்கான கயிற்றுக்குப் பின்னால், மேடைக்கு வெகு அருகில் நின்றேன். காற்று அதிகம். கேமராக்கள் எங்களுக்கு முன்னால், எங்கள் பார்வையைப் பாதி மறைத்து நிறுத்தப்பட்டிருந்தன. முன்பெல்லாம் அந்த இடம் எங்களுடையது. ஜனாதிபதி வரிசையில் நின்றவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டே வந்து, ஆர்டிஸைப் பார்த்ததும் நின்றார். முகம் மலர்ந்தது. இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர்டிஸ்! நியூயார்க். அன்னிக்கு அந்த ரூம்ல என்ன புழுக்கம்! உங்க கை நடுங்கிட்டே இருந்துச்சு. நான்தான் பிடிச்சுக்கிட்டேன், ஞாபகம் இருக்கா?"

நான் வேலையில் பல பொய்யர்களைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லும்போது கண்ணிலோ கழுத்திலோ ஏதாவது ஓரிடத்தில் அது தெரிந்துவிடும். அந்த மனிதரிடம் எதுவும் தெரியவில்லை. அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இருந்தது. அவரும் அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்.

"ஐயா, நாம சந்திச்சதே இல்லை" என்றார் ஆர்டிஸ்.

ஜனாதிபதி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

"வெண்டல் நெல்ஸ்டட், ரஸ்ஸல் காட்கே. அவங்க எங்க ஐயா?"

"அதான் அன்னிக்கே உங்களுக்குச் சொன்னேனே அம்மா" என்றார் அவர், மிகுந்த கனிவோடு. "வீடு கொண்டுவந்து சேர்க்கறதுதான் என் முதல் வேலைன்னு." ஆர்டிஸின் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். எல்லாம் ஒரு வாய் காப்பி குடிக்கும் நேரம்தான்.

அன்று மாலைச் செய்தியில் அது வந்தது. அந்தக் கேமராக்கள் குரலை எடுக்கவில்லை, படத்தை மட்டும்தான் எடுத்தன. ஜனாதிபதி கையைப் பிடிக்கிறார். ஆர்டிஸின் வாய் அசைகிறது. ஜனாதிபதி சிரிக்கிறார். அதன்மேல் செய்தி வாசிப்பவரின் குரல்: 'மகனை வீடு சேர்ப்பேன் என்ற வாக்கைக் காப்பாற்றியதற்காக விஸ்கான்சின் தாய் ஒருவர் இன்று ஜனாதிபதிக்கு நன்றி தெரிவித்தார்.'

அடுத்த வார இதழில் நான் காதால் கேட்டதை எழுதினேன். யாரும் தொலைபேசியில் கூப்பிடவில்லை. இந்தத் தடவை யாரும் கோபப்படக்கூட இல்லை.

ஞாயிறு தேவாலயத்தில் லோயிஸ் ஆர்டிஸைக் கட்டிக்கொண்டு, "எப்ப வந்தான்? ஏன் வெளிய காட்டமாட்டேங்கறே? ரொம்ப இளைச்சிட்டானா?" என்று கேட்டார். பாதிரியார் பிரார்த்தனையில் காணாமல்போனவர்களின் பெயர்களை வாசித்தபோது வெண்டல் பெயரை விட்டுவிட்டார். ஷேஃபரின் கடையில் எமில் ஒரு பூட்டும் கீலும் வாங்கினார். வெண்டல் அறைக்கதவு சரியாகச் சாத்திக்கொள்ள மாட்டேன் என்கிறது, அவனுக்குச் சத்தம் ஆகாது என்றார். கடையில் இருந்தவர்கள் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள்.

வாரக் கடைசியில் பெர்னிஸ் காட்கே வந்தார். மாலை, வெளிச்சம் குறைந்துகொண்டிருந்த நேரம். கோட்டைக் கழற்றவில்லை.

"நான் சண்டைக்கு வரலை ஆர்டிஸ். நீ வாக்கு வாங்கினே, உனக்குக் கிடைச்சுது. நான் ஒண்ணும் சொல்லலை. அவனை ஒரே ஒரு நிமிஷம் பாக்கணும். ரஸ்ஸலைக் கடைசியா எங்க பாத்தான்னு கேக்கணும். அவ்வளவுதான்."

ஆர்டிஸ் பெர்னிஸின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் வீட்டின் ஒவ்வொரு கதவையும் திறந்து காட்டினார். சமையலறை, சாமான் அறை, தங்கள் படுக்கை அறை. கடைசியில் வெண்டல் அறை. புதுக் கீல் போட்ட கதவு சத்தமில்லாமல் திறந்தது. படுக்கையில் புது விரிப்பு. நாற்காலியில் மடித்த சட்டை. எமில் வைத்தது.

பெர்னிஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். தொழுவத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கறவை இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"அங்க யாரு?"

"எமில்தான். கறவை நேரம்."

பெர்னிஸ் கேட்டுக்கொள்ளவில்லை. பின்கதவைத் திறந்து முற்றத்தில் இறங்கி நடந்தார். ஆர்டிஸ் பின்னாலேயே போனார். தொழுவத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெர்னிஸ் நின்று, வாய்க்கு இருபுறமும் கையைக் குவித்துக்கொண்டு, பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது கூப்பிடுவதுபோல, "வெண்டல்!" என்று கூப்பிட்டார்.

தொழுவத்தில் இயந்திரம் நின்றது. யாரோ ஒருவருடைய காலடி வைக்கோலில் கேட்டது.

இதை ஆர்டிஸ் என்னிடம் சொன்னது அடுத்த நாள் காலை, என் அலுவலகத்தில். இதைப் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சொல்லிக்கொண்டே வந்தவர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

"பெர்னிஸ்கிட்ட அது எமில்தான்னு நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கணும் லெஸ்டர். வாய் வரலை. நானும் அவ பக்கத்துலயே நின்னுட்டு, யாரு வெளிய வர்றான்னு பாத்துட்டிருந்தேன்."